பழைய ஸ்கேனை மறைத்தவர்கள்

1

சென்ற மாதத்தோடு நான் சென்னைக்குப் போய்த் திரும்பி ஒரு வருடம் ஆகிவிட்டது. அதை எனக்கு நினைவுபடுத்தியது என் மகள் ஜெனி. அன்பாக நினைவுபடுத்தவில்லை. குளிருக்கு இன்னொரு போர்வை தேடி என் அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தவள், தி.நகர் ஜவுளிக்கடைப் பை ஒன்றை இழுத்துக் கீழே போட்டாள். புடவை என்று நினைத்திருப்பாள். உள்ளே பெரிய பழுப்பு உறை. அதற்குள் கறுப்பு ஃபிலிம்கள், ஒரு சிடி, நான்காக மடித்த ரிப்போர்ட்.

"இது பெரியம்மா பேரு. பெரியம்மாவோட ஸ்கேன் ஏன்மா உங்க அலமாரில இருக்கு?"

ஜெனிக்கு இருபது வயது. இங்கேயே பிறந்தவள். மற்ற நேரங்களில் பாதி ஆங்கிலம் கலந்து பேசுவாள். என்னைக் குறுக்கு விசாரணை செய்யும்போது மட்டும் அவள் தமிழில் ஒரு தடுமாற்றமும் இருக்காது.

"பெரியப்பா குடுத்தனுப்பினாரு."

"எதுக்கு?"

"பெரியம்மா கண்ணுல பட வேணாம்னு."

"அவங்க நுரையீரல் படம் அவங்க கண்ணுல படக் கூடாதா?"

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ரிப்போர்ட்டைப் பிரித்து, எழுந்து போய் விளக்கடியில் நின்று முழுவதும் படித்தாள். பிறகு சொன்னாள்:

"இதுக்குப் பேரு திருட்டும்மா."

2

நான் சாந்தோமில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே மழை விடாத ஓர் ஊருக்கு வந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், முடிந்ததும் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறேன். எட்டு வருடமாக இதுதான் வேலை.

என் பிரிவில் ஆராய்ச்சியும் நடக்கிறது. நுரையீரலில் தெரியும் சிறு புள்ளிகள் நாள்போக்கில் என்ன ஆகின்றன என்று பார்க்கிறார்கள். யார் படம் திரையில் வந்தாலும் அங்கே முதல் கேள்வி, இதற்கு முன்பு எடுத்த படம் எங்கே என்பதுதான். எட்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முறை அதைக் கேட்கிறேன். புள்ளி என்பது ஆறிப்போன காசநோய்த் தழும்பாக இருக்கலாம், எப்போதோ வந்த நிமோனியாவின் மிச்சமாக இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஒரே ஒரு படத்தில் இவை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வளர்கிறதா, சும்மா இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிப்பதா, வெட்டுவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்கிறார்கள். மூச்சை இழுத்து நிறுத்துவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் நுரையீரலின் வடிவமும் மாறும். கம்ப்யூட்டர் பழைய நுரையீரலை இழுத்து, நெளித்து, புதியதன் மேல் பொருந்தும்படி வைக்கிறது. பிறகு புள்ளி எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும், நான் நாற்காலியின் பிரேக்கைப் போடுவதற்குள் திரையில் வந்துவிடும்.

நம் ஊரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். பழைய ஃபிலிம் உறைகள் சுருண்டு கிடக்கும். புது டாக்டரிடம் போகும்போது அவற்றை எடுத்துப் போக மாட்டீர்கள். எடுத்துப் போனாலும் காட்ட மாட்டீர்கள். "பழசைக் காட்டினா அதையே பார்த்து எழுதிடுவாரு. இவர் கெட்டிக்காரரான்னு பார்ப்போம், அவரே கண்டுபிடிக்கட்டும்." மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் ஆழ்வார்பேட்டையிலும் இதைச் சொல்லாத வீடு இருந்தால் அதை எனக்குக் காட்டுங்கள். டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறோம் என்று நமக்கு ஒரு பெருமை. பரீட்சையில் தோற்கப்போகிறவர் டாக்டர் இல்லை என்று யாரும் யோசிப்பதில்லை.

3

என் அக்கா ரெஜினா, கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற சில மாதங்களில் விடாத காய்ச்சல் வந்தது. மந்தைவெளியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஆறு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி இருப்பதாகவும், சில மாதம் கழித்து மறுபடி எடுத்து இதோடு ஒப்பிட வேண்டும் என்றும் ரிப்போர்ட் சொன்னது. அதைப் படித்தவர் அக்காவின் கணவர் சவரி மாமா மட்டும்தான். அக்காவிடம் "க்ளீனா இருக்கு" என்று சொல்லி உறையை பீரோவின் பின்னால் செருகிவிட்டார். பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், எதையும் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்.

அவருடைய அண்ணன் நோயின் பெயரைக் கேட்ட மறுமாதமே இறந்தவர். பெயரைச் சொன்னதால்தான் செத்தார் என்பது மாமாவின் நம்பிக்கை. நான் அதைப் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறேன். இப்போது முயலுவதில்லை. அவருக்குப் பயம் என்றால் அவர் பயப்பட்டுக்கொள்ளட்டும். அந்த நுரையீரல் என் அக்காவுடையது.

பத்து மாதம் கழித்து நான் லீவில் போயிருந்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் இருமல். "சளிதான், எதுக்கும் பார்த்துடலாம்" என்று மாமா அவளை மறுபடி ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். அவருக்கு உள்ளூர உறுத்தியிருக்கிறது. இந்த முறை வேறு சென்டர். ஃபிலிம் வாங்க நானும் அவரும் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் உறையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னாம்மா, பழைய ஸ்கேன் எதுனா கீதா? இருந்தா குடுத்துட்டுப் போ. டாக்டரு சேர்த்துப் பாத்து எழுதுவாரு. ரிப்போர்ட் நாளைக்கு வாங்கிக்கினு போலாம்."

"அதெல்லாம் இல்லப்பா" என்றார் மாமா.

"இருக்கறதை ஊட்லயே வெச்சுகினு இல்லன்றவங்கதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அடையாறில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனோம். கிளம்பும்போது மாமா பழைய உறையில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"லூர்து, இது உன் கையில இருக்கட்டும். ஒருவேளை அவர் ஏதாவது பெருசா சொன்னா, அப்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. உனக்குச் சொல்லணுமா, நீதான் பேசவே மாட்டியே."

அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் முதலில் உள்ளே போனோம். நோயாளியை விட்டுவிட்டு உறவுக்காரர்கள் முதலில் போய்ப் பேசுவது நம் ஊர் மரியாதை. டாக்டர் புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"ஒன்பது மில்லிமீட்டர்ல ஒரு புள்ளி இருக்கு. இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர். இதுதான் முதல் தடவை."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியாது. ஒருவேளை சும்மா பார்த்திருக்கலாம். பை என் மடியில் இருந்தது. முழங்கால்மேல் ஃபிலிமின் விளிம்பு குத்தியது. எட்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முறை கேட்ட கேள்வி அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நம்ம ஊர்ல டி.பி. தழும்பு நிறைய பேருக்கு இருக்கும். இதுவும் அப்படி இருக்க வாய்ப்பிருக்கு. பழைய படம் இருந்தா தைரியமா சொல்லலாம். இல்லாததால ஒரு வருஷம் பொறுத்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார். பிறகுதான் அக்காவை உள்ளே அழைத்து முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மாமா என் காதில் சொன்னார்: "பார்த்தியா, தழும்புன்னுட்டாரு. அதைக் காட்டியிருந்தா ஊசியைக் குத்தி ரகளை பண்ணியிருப்பாங்க." அன்று அக்காவுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். நான் இங்கிலாந்து திரும்பும்போது மாமா பையை என் பெட்டியில் வைத்தார். நான் மறுக்கவில்லை.

என்னை எல்லோரும் கூச்ச சுபாவம் என்பார்கள். நல்ல குணம் போலச் சொல்வார்கள். லூர்து சத்தமே போட மாட்டாள், லூர்து எதிர்த்துப் பேச மாட்டாள். இப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் எல்லோர் மேலும் எனக்கு இப்போது வெறுப்பாக இருக்கிறது.

4

திரும்பி வந்த சில வாரங்களில் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் படம் எடுத்துப் பார்க்க ஆரோக்கியமானவர்களைத் தேடினார்கள். எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கேன், கதிர்வீச்சு எதுவும் கிடையாது, ஒரே நாளில் இரண்டு முறை படுக்க வேண்டும். ஹெலன் என்று ஒரு ஆராய்ச்சியாளர். உங்கள் நாட்டுக்காரர்கள் குறைவாகத்தான் முன்வருகிறார்கள், உங்கள் நுரையீரல்களைப் பார்த்திராத கம்ப்யூட்டர் உங்கள் தழும்பையெல்லாம் தவறாகப் படிக்கிறது, நீ வருவாயா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத் தெரியாததால் சரி என்றேன்.

பதினொரு பக்கத்துக்கு ஒப்புதல் படிவம். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடப் போனேன். ஹெலன் பேனாவைப் பிடுங்காத குறையாகத் தடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்து, புரிந்ததா என்று கேட்டு, எனக்குப் புரியாத ஆங்கிலத்தை வேறு வார்த்தையில் சொல்லி, முக்கால் மணி நேரம் ஆக்கினார். உன் உடம்பின் படம், நீ புரிந்துகொள்ளாமல் நான் எடுக்கக் கூடாது என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றும் இல்லாத என் நுரையீரலுக்கு இவ்வளவு மரியாதை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கும் என் அக்காவுக்கு ஒரு வரிகூடப் படிக்கக் கொடுக்கவில்லை.

படுத்தேன். எழுந்து நடந்தேன். மறுபடி படுத்தேன். ஏன் இரண்டு முறை என்று ஒரு வழியாகக் கேட்டேன். உனக்குள் எதுவும் மாறவில்லை, ஆனால் இரண்டு படங்களும் கொஞ்சம் வேறுபடும், அந்த வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்தால்தான் நிஜமான மாற்றத்தை நம்ப முடியும் என்றார். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்பதெல்லாம் அளக்கும்போதே வந்துவிடும், அதற்காகத்தான் இன்னும் பழைய படம் ஒன்று இருந்தால் நல்லது என்றார். அதைக் கேட்டுவிட்டு வார்டுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேறு எதுவும் செய்யவில்லை.

5

ஜெனி பையை இழுத்துப்போட்ட அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார். டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிந்து அக்காவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள்.

"லூர்து, நல்ல சேதி. பதினொண்ணுதான். போன வருஷம் ஒன்பது. ரெண்டு மில்லிமீட்டர்லாம் அளக்கறதுல வர்றதுதானாம். இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாமாங்கறதை வர்ற வியாழக்கிழமை சொல்றேன்னாரு. அநேகமா பொறுக்கலாம்னுதான் சொல்வாரு. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடுச்சு."

"மாமா, ஆறு."

"இன்னா ஆறு?"

"மொதல்ல ஆறு இருந்துச்சு. ஆறு, ஒன்பது, பதினொண்ணு."

பின்னால் அக்கா குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ இன்னா டாக்டராயிட்டியா? நாற்காலி தள்றவதானே நீ?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் படத்தை எரிச்சுடு. அவ நிம்மதியா இருக்கா. அதைக் கெடுத்த, அப்புறம் இந்த வீட்டு வாசல்ல கால் வைக்காத."

நான் சரி மாமா என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் ஜெனி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சரின்னு சொன்னீங்க. நான் கேட்டேன்."

6

மறுநாள் உறையை வேலைக்கு எடுத்துப் போனேன். ஹெலனின் அறைக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். உள்ளே போய் மேசைமேல் வைத்து, என் அக்காவுடையது, ஒரே ஒருமுறை பாருங்கள் என்றேன். அவர் உறையைத் தொடவில்லை. வெளி நோயாளியின் படத்தை எங்கள் கம்ப்யூட்டரில் போட அனுமதி கிடையாது, நான் அபிப்பிராயம் சொல்வதும் கூடாது, மன்னித்துக்கொள் என்றார்.

இதையே ஆராய்கிற ஒரு கட்டடம். மாடி மாடியாகக் கம்ப்யூட்டர்கள். ஆயிரக்கணக்கான மனிதர்களின் நுரையீரல்களைப் பெயர் நீக்கிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். பெயரோடு வந்த ஒரே ஒரு நுரையீரலைப் பார்க்க அங்கே யாருக்கும் உரிமை இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆங்கிலத்தில் ஆத்திரப்பட எனக்குத் தெரியாது. உறையை எடுத்துக்கொண்டேன்.

நான் கதவைத் திறக்கும்போது அவர் கேட்டார்: இது உன் அக்கா பார்த்த படம்தானே?

இல்லை என்றேன்.

அவர் முகம் மாறியது. அதற்கப்புறம் என்னிடம் அவர் பழைய மாதிரிப் பேசுவதில்லை.

அன்று மாலை ஜெனி எங்கிருந்தோ சிடி படிக்கும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். ஃபிலிமில் இருப்பது குட்டிக் குட்டிப் படங்கள், டாக்டர் சரியாக அளக்க வேண்டுமானால் சிடியில் இருப்பதுதான் வேண்டும் என்று நான் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கேட்டாள்:

"யாருக்கு அனுப்பணும்? பெரியப்பாவுக்கா, டாக்டருக்கா, பெரியம்மாவுக்கா?"

"டாக்டருக்கே அனுப்பிடு. பெரியம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

7

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மந்தைவெளி, ஆறு மில்லிமீட்டர், பீரோ, என் மடி, என் அலமாரி. நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"டாக்டர் கேட்டப்ப படம் உன் கையிலயா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"நான் எங்க இருந்தேன்?"

"வெளிய."

"முப்பது வருஷம் ஊரான் பிள்ளைங்க பேப்பரைத் திருத்தினேன். மார்க் குறைஞ்சதுன்னு ஒரு பிள்ளைகிட்டயாவது பேப்பரைக் குடுக்காம இருந்திருக்கேனா? என் பேப்பரை என் புருஷன் ஒளிச்சு வெச்சான். நீ அடுத்த நாட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்ட."

"மாமா சொன்னாருக்கா. எனக்கு எதிர்த்துப் பேச..."

"அவரைப் பத்தி எனக்குத் தெரியும். அவர் பயந்தாங்கொள்ளி. உன்னைப் பத்திதான் தெரியாம இருந்துட்டேன். தினம் அதே வேலையைத்தானே அங்க பார்க்கற? தெரியாதவ சும்மா இருந்தா வேற."

மன்னிப்புக் கேட்டேன். படத்தை அனுப்பச் சொன்னாள். ஜெனி அனுப்பினாள்.

வியாழக்கிழமை அக்கா யாரையும் கூட்டிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்து அடையாறு போனாள். மாமா படிக்கட்டு வரை பின்னாலேயே வந்திருக்கிறார். "உள்ள போய் உட்காருங்க" என்றாளாம். மூன்று படங்களையும் டாக்டர் ஒரே திரையில் வரிசையாகப் போட்டு அவளுக்கே காட்டினார். ஆறு, ஒன்பது, பதினொன்று. தழும்பு வளராது என்று சொல்லி, இனிப் பொறுப்பதற்கில்லை, பரவுவதற்குள் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். போன வருடமே இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் போன வருடமே எடுத்திருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அக்கா ஜெனியிடம் சொன்னாள். ஜெனி எனக்குச் சொன்னாள்.

மாமா எனக்குப் போன் செய்வதில்லை. செய்தாலும் நான் எடுக்கப் போவதில்லை. இதை அவர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நேற்று அக்காவே கூப்பிட்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை. லீவு சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றேன்.

"வேணாம். ஜெனி வர்றா. அவளே கேட்டா, சரின்னுட்டேன்."

எனக்கு அது தெரியாது. சென்னை வெயிலும் கொசுவும் ஆகாது என்று ஆறு வருடமாக வர மறுத்தவள் ஜெனி.

"ஃபாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு" என்றாள் அக்கா. "என்னால பேச முடியாதப்ப டாக்டர் யார்கிட்ட பேசணும்னு. அவர் பேரைப் போடல. உன் பேரையும் போடல. ஜெனி பேரை எழுதியிருக்கேன்."

"அவ சின்னப் பொண்ணுக்கா. இருபது வயசுதான். அவளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. டாக்டர் கேட்டா சொல்லுவா."

ஜெனி வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். கேட்ட லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், செவ்வாய்க்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று என் மகளைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.